குளிர்காலமும் புறக்கடைக் கோழிக்குஞ்சும்

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள கோழியினங்களின் எண்ணிக்கை 85 கோடியே 18 லட்சமாகும். இவற்றுள் 31 கோடியே 70 லட்சம் வீட்டுப் புறக்கடைகளில் வளர்பவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிடுகையில், வணிகப் பண்ணைக் கோழிகள் 4.5 சதவீதமே பெருகியிருக்கப் புறக்கடைக் கோழிகள் 45.8 சதவீதம் பெருகியுள்ளமை குறிப்பிடத்தக்கது. நிலமற்ற குடும்பங்களுக்கும், குறிப்பாக அக்குடும்பங்களின் பெண்களுக்கும், கையில் சிறு தொகை புரளச் செய்யும் தொழில் இது என்பதால், மத்திய அரசும் மாநில அரசுகளும் மேம்படுத்தப்பட்ட இனக் குஞ்சுகளை வழங்கும் திட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளன. ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியவையும், 1979இல் பரேலிக்கு அருகே இஜத்நகரில் நிறுவப்பட்ட மத்திய பறவையின ஆராய்ச்சி நிலையத்தின் நிர்பீக் போன்றவையும் இவ்வகைக் கோழிகளாகும்.

இத்திட்டங்களின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றே. பொரிப்பகத்திலிருந்து வரும் ஒருநாள் குஞ்சுகள் ‘மதர் யூனிட்’ எனப்படும் குஞ்சு வளர்ப்பு நிலையங்களில் ஏறத்தாழ நான்கு வாரம் வளர்க்கப்பட்டு, தடுப்பூசிகள் போடப்பட்டபின் பயனாளிகளிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் இந்த நான்கு வாரக் கணக்கு பொருத்தமானதே. ஆனால் பஞ்சாபிலிருந்து வடக்கு பீகார் வரையிலான சமவெளியில், டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முற்பகுதி வரை, இதே கணக்கு குஞ்சுகளின் உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

குஞ்சின் உடலும் வெப்பமும்

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேடு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் உடல் வெப்பம் இதைவிடச் சற்றுக் குறைவு; அதைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. இந்த ஆற்றல் முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகவே வளர்கிறது. உடல் சிறிதாக இருப்பதால் எடையோடு ஒப்பிடுகையில் அதன் மேற்பரப்பு மிகுதி; ஆகவே வெப்ப இழப்பும் மிகுதி. பிறவியிலேயே போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற மென்தூவி உதிர்ந்து, உண்மையான இறகுகள் உடல் முழுவதையும் மூட ஐந்து அல்லது ஆறு வாரங்களாகும். இறகுகளுக்கிடையே சிறைப்படும் காற்றே குளிரைத் தடுக்கும் போர்வை. இறகு நனைந்துவிட்டால் அப்போர்வை பயனற்றுப் போகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடும். வறண்ட குளிரைத் தாங்கும் குஞ்சு ஈரக் குளிரில் மடிவதற்குக் காரணம் இதுவே.

இக்காரணங்களால்தான் முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு 35 டிகிரி வெப்பம் அளித்து, பின்னர் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்து வருகின்றனர். இக்கணக்கின்படி நான்காம் வாரத்தில் குஞ்சுக்குத் தேவையான வெப்பம் 26 டிகிரி. பரேலி, கோரக்பூர், பாட்னா வட்டாரங்களில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். குளிர் அலையின்போது 4 டிகிரிக்கும் சரியும். அதாவது, ஒப்படைக்கப்பட்ட அன்று மாலையே குஞ்சு 15 டிகிரிக்கு மேற்பட்ட இறக்கத்தைச் சந்திக்கிறது.

நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொட்டும் பனியிலும் வெளியே மேய்கின்றனவே என்று கிராம மக்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அக்குஞ்சுகளுக்குத் தாய் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் இறக்கைக்குள் புகுந்து சூடேற்றிக்கொண்டு மீண்டும் வெளிவருகின்றன. பொரிப்பான் இயந்திரத்தில் பிறந்த குஞ்சுக்கு அந்தப் புகலிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவ அறிவு இங்கே பொருந்தாமல் போவதை விரிவாக்க அலுவலர்கள் பயனாளிகளுக்கு எடுத்துரைப்பது அவசியம். வழங்கப்படும் துண்டுப் பிரசுரங்கள் தீவனத்தையும் தடுப்பூசியையும் விவரிக்கும் அளவுக்கு இதை விவரிப்பதில்லை என்பது ஒரு குறையே.

குளிருக்கு ஆளான குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி இறக்கின்றன. காலையில் மூலையில் கிடக்கும் உடல்களைக் கண்டு ஏதோ கொள்ளைநோய் என அஞ்சுவோர் உண்டு. தப்பியவற்றிலும் உண்ட தீவனம் உடல் வளர்ச்சிக்குப் பயன்படாமல் உடலைச் சூடாக்கவே செலவாகிறது. நோய் எதிர்ப்புத் திறன் தளர்கிறது.

வெளியே பழக்கும் முறை

குஞ்சுகளை ஒரே நாளில் வெளியேற்றாமல் பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகப் பழக்குவதே உரிய முறை. முதலில் பகல் நேரச் செயற்கை வெப்பத்தை நிறுத்த வேண்டும். குஞ்சுகள் குவியாமல் பரவலாக நின்று இரை பொறுக்கினால் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாம். இவ்வகையில் வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடத்தையே நம்பகமான அளவுகோல். பின்னர் பனி விலகி, புல்லின் ஈரம் உலர்ந்தபின், முற்பகல் 11 மணியளவில் காற்று வீசாத, வெயில் படும் இடத்தில் ஒரு மணி நேரம் விடலாம். நாள்தோறும் நேரத்தைக் கூட்டினாலும் பிற்பகல் 3 மணிக்குள் உள்ளே சேர்த்துவிட வேண்டும். இரவு வெப்பத்தை இறுதியில்தான் நிறுத்த வேண்டும்.

இம்முறை முழுவதும் நண்பகல் வெயிலை நம்பியது என்பதை மறக்கலாகாது. கங்கைச் சமவெளியில் மூடுபனியால் பல நாட்கள் தொடர்ந்து சூரியனே தென்படாதிருப்பதுண்டு. இரவின் குறைந்த வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழும், பகலின் உயர்ந்த வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தும் இருப்பதை வானிலைத் துறை ‘குளிர் நாள்’ எனக் குறிக்கிறது. குளிர் அலை பற்றிய அறிவிப்பே மக்கள் கவனத்தை ஈர்க்கிறது. கோழிக்குஞ்சைப் பொறுத்தவரை, தெளிந்த வானத்தோடு வரும் குளிர் அலையைவிட வெயிலற்ற குளிர் நாளே கொடியது எனலாம். அத்தகைய நாட்களில் குஞ்சுகளை வெளியே விடவே கூடாது.

இரவு தங்கும் இடத்தில் உமியை நான்கு அங்குலத்திற்குக் குறையாமல் பரப்ப வேண்டும். நனைந்த உமியை அன்றன்றே அகற்றாவிட்டால் இரத்தக்கழிச்சல் நோய் தலைகாட்டும். காற்று வரும் திசையில் சாக்குப் படுதா கட்டலாம். ஆனால் குளிருக்கு அஞ்சி எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடுவது பெரும் ஆபத்து. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, குஞ்சுகளின் கண்ணையும் சுவாசப் பாதையையும் தாக்கும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு நச்சு குஞ்சுகளை மட்டுமன்றி அதே அறையில் உறங்கும் மனிதர்களையும் கொல்லும். குஞ்சுகளின் தலைக்கு மேல், கூரையை ஒட்டி ஒரு திறப்பு எப்போதும் இருத்தல் வேண்டும். தீவனத்தில் மக்காச்சோளம், கம்பு போன்ற தானியங்களைச் சற்றுக் கூட்டுவதும், காலையில் வெதுவெதுப்பான நீர் வைப்பதும் நல்லது.

நிதியாண்டும் குஞ்சு வழங்கலும்

இவையனைத்தும் பயனாளி செய்ய வேண்டியவை. நிர்வாகம் செய்ய வேண்டியது வேறு. நிதியாண்டின் இறுதிக் காலாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டு முடிவில் செலவினம் குவிவதை 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் நிதி ஒழுங்கின் மீறலாகவே கருதுகின்றன; எனினும் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற அச்சம் அலுவலகங்களை விட்டு அகல்வதில்லை. வழங்கிய குஞ்சுகளின் எண்ணிக்கை பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அவற்றுள் மார்ச் மாதத்தில் உயிரோடிருப்பவை எத்தனை என்பதற்கு அப்பதிவேட்டில் பத்தி இல்லையெனில், ஜனவரியில் வழங்குவதும் மார்ச்சில் வழங்குவதும் கணக்கில் ஒன்றாகவே தோன்றும்.

குளிர்காலத்தில் குஞ்சுகளை ஆறு வாரம்வரை நிலையத்திலேயே வைத்திருக்கலாம் என்றால், தீவனம், மின்சாரம், இடம் ஆகியவற்றின் கூடுதல் செலவை யார் ஏற்பது என்ற வினா எழுகிறது. அரைச் சதுர அடியில் வளர்ந்த குஞ்சுக்கு நான்கு வாரத்திற்குப் பின் ஒரு சதுர அடி தேவைப்படும். நிலையத்தை நடத்துபவருக்கு ஒரு குஞ்சுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையே கிடைக்குமானால், அவர் நான்காம் வாரமே குஞ்சுகளை அனுப்பிவிட முனைவதில் வியப்பில்லை. எடுத்துக்காட்டாக, 20 குஞ்சுகள் பெற்ற குடும்பத்தில் 8 இறந்தால், அந்த எட்டுக்கும் செலவிட்ட நான்கு வாரத் தீவனமும் தடுப்பூசியும் வெப்பமும் வீணாவதோடு, எஞ்சிய ஒவ்வொரு குஞ்சின் அடக்கவிலையும் மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்துவிடுகிறது. இதனோடு ஒப்பிட்டே இரு வாரக் கூடுதல் செலவை மதிப்பிட வேண்டும். குளிர்மாதங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் நிர்ணயிப்பது இதற்கு ஒரு வழி.

மற்றொரு வழி, பொரிப்பு நாளையே மாற்றுவது. முட்டை பொரிய 21 நாட்களாகும். ஜனவரி இறுதியில் பொரிப்பானில் வைக்கப்படும் முட்டைகள் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பொரிந்து, மார்ச் மூன்றாம் வாரத்தில் நான்கு வாரக் குஞ்சுகளாகி, நிதியாண்டுக்குள்ளேயே பயனாளிகளின் கைக்குச் சேரும். அப்போது சமவெளியில் பகல் வெயில் நன்கு ஏறியிருக்கும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிற்கு இந்த அட்டவணை பொருந்தாது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ கடுங்குளிர் முடிந்தபின்னும் அங்கே குளிர் நெடுநாள் நீடிப்பதால், வழங்கலை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதும், அதற்கேற்ப ஒதுக்கீட்டை அடுத்த நிதியாண்டில் காட்டுவதும் தேவைப்படும்.