உள்ளங்கை எரிச்சல்

புற்றுநோய்க்குக் கேப்சிடபின் மாத்திரை உண்போர் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிவதுண்டு. சமையல் வேலையால் வந்தது என்று கருதிச் சிலர் பொறுத்திருக்கின்றனர். அது மருந்தின் விளைவேயாம். மாத்திரை உடலுக்குள் ஃபுளுரோயுரசில் என்னும் மருந்தாக மாறி, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகிறது. தோலின் உயிரணுக்களும் அதற்குத் தப்புவதில்லை. விரல்ரேகை மறைவதுமுண்டு. 2008-இல் சிங்கப்பூர் நோயாளி ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் இதன் பொருட்டு நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தனர். பங்கீட்டுக் கடையில் ரேகை வைக்கும் நேயர்கள் மருத்துவரிடம் கடிதம் பெற்றுக்கொள்வது நலம்.

மருந்தை நிறுத்திவிடுவாரோ என்றஞ்சி எரிச்சலை மறைப்பது தவறு. தாமே நிறுத்துவதும் தவறு. நடக்கவோ பாத்திரம் பிடிக்கவோ இயலாதவாறு வலித்தால், மருத்துவர் சில நாள் இடைவெளி விட்டு, ஆறியபின் பெரும்பாலும் அளவைக் குறைத்துத் தொடர்வார். வெந்நீரும் இறுகிய செருப்பும் ஆகா. டைக்ளோஃபெனாக் களிம்பை முன்கூட்டியே தடவிவந்தால் இத்தொல்லை குறைகிறது எனத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்டனர். அதனையும் மருத்துவரைக் கேட்டே தடவுக.

இந்தி வழங்கும் ஊர்களில் நம்மவர் எதற்கும் 'தர்த்' என்றே சொல்லிவிடுகின்றனர். அது வலி. எரிச்சலுக்கு 'ஜலன்' என்க. மொழிபெயர்ப்பாளனுக்கு வியப்பு யாதெனில், பொறாமைக்கும் அங்கே அச்சொல்லே. நம் வயிற்றெரிச்சலைப் போல. உள்ளங்கையை நீட்டிக்கொண்டு சொன்னால் மருத்துவர் மயங்கமாட்டார்.