உங்களுக்குத் தெரியுமா? கொங்குநாட்டுக் கொலைக்கதைகளும் பேய்க்கதைகளும்

✦ பெட்டிக்கடை வாசலில் சணல் கயிறு கட்டி, வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட குட்டிப் புத்தகங்கள் நினைவிருக்கிறதா? அட்டையில் ஒரு பெண், ஒரு கத்தி, மூன்று சொட்டு ரத்தம். உள்ளே பெரும்பாலும் ராஜேஷ்குமார். அந்த ரத்தமெல்லாம் கோயமுத்தூரில் உட்கார்ந்து சிந்த வைத்தது. 1947-ல் கோவையில் பிறந்த ராஜகோபால்தான் ராஜேஷ்குமார். எழுத்தில் பேர் வாங்க வேண்டுமானால் மெட்ராஸுக்கு ரயிலேற வேண்டும் என்றிருந்த காலத்திலும் ஊரை விட்டு நகராமல், கதைகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

✦ அவர் எழுதிய நாவல்கள் 1500-ஐத் தாண்டும். 1980-ல் மாலைமதியில் வந்த ‘வாடகைக்கு ஓர் உயிர்’ முதல் நாவல். நாற்பது வருஷக் கணக்கில் வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு மூன்று விழுகிறது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்கள் மொத்தமே 66 என்று உடனே ஒப்பிடத் தோன்றும். அது நியாயமில்லை. கிறிஸ்டியின் நாவலுக்கு ஒரு வாரம் வேண்டும். ராஜேஷ்குமாரை கோவையில் ரயிலேறிப் பிரித்தால் ஈரோடு வருவதற்குள் கொலைகாரனைப் பிடித்துவிடலாம். அப்படிப் படிப்பதற்காகவே எழுதப்பட்டவை அவை. ஜி. அசோகன் நடத்திய ‘க்ரைம் நாவல்’ மாத இதழ் பெரும்பாலும் இந்த ஒற்றை எழுத்தாளரை நம்பியே ஓடியது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

✦ அவருடைய கைவரிசை ‘இரட்டைத் தண்டவாளம்’. முதல் அத்தியாயத்தில் ஆர்.எஸ். புரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகவரி இல்லாத பார்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது என் சொந்தக் கற்பனை). இரண்டாம் அத்தியாயத்தில் அவளுக்குச் சம்பந்தமே இல்லாமல், டெல்லியில் ஒரு விஞ்ஞானி தன் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் காணாமல் போகிறார். மூன்றில் மறுபடி ஆர்.எஸ். புரம். நான்கில் டெல்லி. வாசகர் கொலைகாரன் யார் என்று யோசிப்பதைவிட, இந்த இரண்டு வண்டியும் எந்த ஸ்டேஷனில் சந்திக்கப் போகின்றன என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்வார். கடைசிப் பத்துப் பக்கத்தில் சந்தித்துவிடும். சில மாதங்களில் அந்த முடிச்சு அவசரத்தில் போட்டதாகவே இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மாதமும் வாங்குவோம்.

✦ தமிழில் துப்பறிகிறவர் தனியாகப் போவது அபூர்வம். ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா தம்பதி, கூடவே கலாட்டாவுக்கு விஷ்ணு. பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி; அந்த ‘சுபா’வே சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு பேர். சுஜாதாவுக்கு கணேஷ்–வசந்த். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு மனைவி இந்திரா உண்டு என்றாலும், ஆபத்து வேளையில் அவர் அதிகம் தேடியது தேநீரைத்தான்.

✦ உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதிய தேசியக் கவி ஒருவர், முகமூடித் திருடனை வைத்து மர்ம நாவலும் எழுதினார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளைதான் அவர். நாவல் ‘மலைக்கள்ளன்’. பள்ளிப் பாடத்தில் அவர் கவிதையைப் படித்தவர்கள் பலருக்கு இது தெரியாது. தமிழாசிரியர்கள் இதைச் சொல்லாமல் விட்டது நமக்குத்தான் நஷ்டம்.

✦ கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் அந்த நாவலைப் படமாக்கினார். எம்.ஜி.ஆர். கதாநாயகன், திரைக்கதை வசனம் மு. கருணாநிதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். நாயுடு அதோடு விடவில்லை. தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று கதையை ஊர் ஊராகக் கூட்டிப்போனார். இந்தியில் ‘ஆசாத்’ (1955) என்ற பெயரில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தார்கள். நாமக்கல்லில் பிறந்த மலைக்கள்ளன் கொழும்பு வரை போனதற்குக் கோயமுத்தூர்க்காரரின் வியாபார மூளையே காரணம்.

✦ அதே நாயுடு 1959-ல் எடுத்த ‘மரகதம்’ படத்துக்கு இன்னொரு பெயர் ‘கருங்குயில் குன்றத்துக் கொலை’. டி.எஸ்.டி. சாமியின் நாவல். சிவாஜி, பத்மினி நடித்தார்கள். கொலை மறந்து போய், அதில் சந்திரபாபுவும் ஜமுனாராணியும் பாடிய டூயட் மட்டும் ஊருக்கெல்லாம் மனப்பாடம். நல்ல தலைப்பைப் பின்னால் தள்ளிவிட்டு நாயகி பெயரை முன்னால் வைத்ததற்கு இது தண்டனையோ என்னவோ.

✦ கொலைக்கதையைப் படமாக்கிய இந்த நாயுடு, அதற்கு முன்பே நிஜக் கொலைவழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றிய ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணனோடு நாயுடுவும் கைதானார். நாயுடுவை விசாரணையிலேயே குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். பாகவதரின் திரை வாழ்க்கை அதற்குப் பிறகு எழவே இல்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? கடைசி அத்தியாயம் கிழிந்த நாவல் மாதிரி, அந்தக் கேள்விக்கு இன்று வரை விடை இல்லை.

✦ கோவைக்குப் பட்சிராஜா என்றால் சேலத்துக்கு மாடர்ன் தியேட்டர்ஸ். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ நாவலை 1950-ல் டி.ஆர். சுந்தரம் படமாக்கியபோது, கதாநாயகனாகத் தேர்ந்தெடுத்தது யாரை? எம்.என். நம்பியாரை! பிற்காலத்தில் கையைப் பிசைந்தாலே தியேட்டரில் குழந்தைகள் அலறிய அதே நம்பியார், இதில் மாறுவேடம் மேல் மாறுவேடமாகப் போட்டுக் குற்றவாளிகளை மடக்குகிற துப்பறிவாளர். அவர் வளர்ந்ததும் தூரத்தில் இல்லை, ஊட்டியில்தான். ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்கள் ‘திகம்பர சாமியாரை’யும் ஒருதரம் பார்த்துவிடலாம்.

✦ தமிழில் துப்பறியும் கதை எப்போது ஆரம்பம்? பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணரைப் படைத்துவிட்டார். ஷெர்லக் ஹோம்ஸ் இங்கிலாந்தில் அச்சேறி ஏழே வருஷம். 1908-ல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்து துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

✦ சரி, கொலை போதும். பேய்க்கு வருவோம். கொங்கு மண்ணின் ஆதித் திகில்கதைக்கு இரண்டாயிரம் வயது இருக்கும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்த ஒரு பெண் உருவம் இருந்ததாக நற்றிணையும் குறுந்தொகையும் சொல்கின்றன. காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அதன் அழகு குலையாது. சங்கப் புலவர்களுக்கு அது காதலியின் அழகைச் சொல்ல வாய்த்த உவமை. பின்னால் வந்த கதைகளில்தான் அது எழுந்து நடமாடுகிறது. மலைக்கு யாராவது தப்பான நோக்கத்தோடு வந்தால் வாடையிலேயே தெரிந்துகொள்ளும், பார்த்துச் சிரிக்கும், சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் உயிரோடு திரும்ப மாட்டான். கவனியுங்கள், கோரைப்பல் இல்லை, விரித்த தலை இல்லை, அலறல் இல்லை. அழகான முகம், ஒரு சிரிப்பு, அவ்வளவே. இன்றைக்குப் பேய்ப்படம் எடுக்கிறவர்கள் அரை டன் பவுடரும் சவுண்ட் எஃபெக்டும் செலவழித்துக் கொண்டுவர முடியாததை இந்தக் கொல்லிப்பாவை சும்மா நின்றபடி சாதித்திருக்கிறாள். மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மன்தான் அவள் என்று ஊரார் சொல்வார்கள். போய்ப் பார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அந்தத் திகில் தனி.

✦ அமானுஷ்யக் கதைகளில் ஒரு தலைமுறையையே போர்வைக்குள் ஒளியவைத்த இந்திரா சௌந்தர்ராஜன் மதுரைக்காரராக அறியப்பட்டாலும் பிறந்தது சேலத்தில். தாயார் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டவர். தொண்ணூறுகளில் சன் டிவியில் நாகா இயக்கிய மர்மதேசம் ‘விடாது கருப்பு’ தொடரின் மூலநாவலுக்கு அவர் வைத்த பெயர் ‘விட்டு விடு கருப்பா’. நாவல் கெஞ்சியது, தொடர் மிரட்டியது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் டிவியை அணைக்கச் சொன்ன பாட்டிகள் கொங்குநாட்டில் எத்தனை பேர்! காரணம் இருக்கிறது. காவல்தெய்வமும் கல்குதிரையும் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பார்த்தவர்களுக்கு அது கதையாகவே படவில்லை. 2024 நவம்பரில் அவர் காலமானார்.

✦ ‘பேய்க்கதை மன்னன்’ என்ற பட்டம் இவருக்கெல்லாம் முன்பே ஒருவருக்கு இருந்தது: பி.டி. சாமி. இப்போது அவர் புத்தகங்கள் கண்ணில் படுவதே அரிது.

✦ பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை. கோட்டயம் புஷ்பநாத்தின் மலையாள மர்ம நாவல்களும் தமிழுக்கு வந்து, நம் வார இதழ்களில் தொடராக ஓடின. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் அவர். 2018-ல் மறையும் வரை, தமிழ் வாசகர்களில் பாதிப்பேர் அவரை நம்மூர் எழுத்தாளர் என்றே நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

✦ தீவிர இலக்கியக்காரர்கள் பேயை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ராத்திரியில் தனியாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ முழுக்கவே இந்த வகைதான். அவர் வாசகர்கள் 2010 முதல் விஷ்ணுபுரம் விருது கொடுத்துவருவது நம் கோவையில்.

✦ உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் பாக்கெட் நாவல் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராக அத்தியாயம் ஒன்றுக்குப் போய்விடுங்கள். வாடகை நூலக முத்திரைக்குக் கீழே, ‘கொலை செய்தது டாக்டர்தான்’ என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவைத்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அதோடு கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று ஸ்டேப்ளர் பின் பக்கமாகப் பிரித்துப் பார்த்தே காசு கொடுங்கள். பேரம் பேசினால் கடைக்காரர் குறைக்க மாட்டார். ராஜேஷ்குமார் என்றால் இன்னும் கிராக்கி.

✦ இப்படிக் கிளிப்பில் தொங்கிய கதைகளை, சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் கெட்டியான ஆங்கிலத் தொகுப்பாகக் கொண்டுவந்தது. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன் எல்லாரும் அதில் உண்டு. ஒரிஜினலை மாதாமாதம் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்து, பரணில் போட்டு, கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் கிலோக் கணக்கில் தள்ளிவிட்ட கோயமுத்தூர்க்காரர்கள் ஆங்கிலப் பிரதியின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.