போர்ட்டல், 2007
நிகழ்பட விளையாட்டு. வால்வ் நிறுவனம், அமெரிக்கா

அறிவியல் புனைவையும் புதிரையும் ஒன்றாக இழைத்த இவ்விளையாட்டில், அபெர்ச்சர் சயின்ஸ் என்னும் கற்பனை ஆய்வுக்கூடத்தில் கண்விழிக்கும் செல் என்ற பெண், கிளாடோஸ் எனப்படும் செயற்கை நுண்ணறிவின் கட்டளைப்படி 19 சோதனை அறைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவள் கையிலுள்ள கருவி, சுவர், தரை, கூரை ஆகியவற்றில் இரண்டு வாயில்களைத் திறக்கிறது. அவை எவ்வளவு தள்ளியிருந்தாலும், ஒன்றில் நுழைபவர் அக்கணமே மற்றொன்றின் வழியே வெளிவருகிறார். நுழைந்த வேகம் குறையாமலே வெளியேறுவது இப்புதிர்களின் உயிர்நாடி என்பதால், உயரத்திலிருந்து தரை வாயிலுக்குள் விழுபவர் சுவர் வாயிலிலிருந்து அம்புபோல் பாய்ந்து, வேறெவ்வகையிலும் தாண்ட இயலாத பள்ளத்தைத் தாண்டிவிடுகிறார்.

டிஜிபென் கல்வி நிறுவன மாணவர்கள் உருவாக்கிய 'நார்பாக்குலர் டிராப்' என்ற விளையாட்டைக் கண்ட வால்வ், அக்குழுவினரைப் பணியில் அமர்த்தியதால் பிறந்த படைப்பு இது. 2007 அக்டோபரில் 'தி ஆரஞ்ச் பாக்ஸ்' தொகுப்பின் ஒரு பகுதியாக வெளிவந்தபோது, புதிர்களின் புதுமையையும், எலன் மெக்லெயினின் குரலில் கிளாடோஸ் பேசும் நஞ்சு தோய்ந்த நகைச்சுவையையும் திறனாய்வாளர்கள் போற்றினர். சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்ற குறையும் கூறப்பட்டது; எனினும் ஒரே கருத்தைப் படிப்படியாகக் கற்பித்து, மிகையின்றி நிறைவுறும் கட்டுக்கோப்புக்கு அச்சுருக்கமே காரணம். 2008இல் விளையாட்டு உருவாக்குநர் தேர்வு விருதுகளில் ஆண்டின் சிறந்த விளையாட்டாக இது தெரிவானது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்த 14 நிகழ்பட விளையாட்டுகளுள் போர்ட்டலும் ஒன்று.