முதலுதவி: செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

விபத்துக்குள்ளான ஒருவருக்கோ திடீரென நோயுற்ற ஒருவருக்கோ வைத்திய உதவி கிடைக்கும் வரை, அவ்விடத்தில் இருப்பவர்கள் கைவசம் உள்ள பொருள்களைக் கொண்டு உடனடியாகச் செய்யும் உதவியே முதலுதவி எனப்படும். இதன் நோக்கங்கள் மூன்று ஆகும்.

1. உயிரைக் காத்தல்
2. நிலைமை மேலும் மோசமடையாது தடுத்தல்
3. குணமடைவதற்கு உதவுதல்

மாணவர்களே, இம்மூன்றையும் நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆயினும் இரண்டாவது நோக்கத்தைச் சற்று ஆழமாகச் சிந்தித்துப் பாருங்கள். எமது வீடுகளில் அவசர வேளையில் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பல செயல்கள் அந்த நோக்கத்திற்கு நேர் எதிரானவை. எனவே முதலுதவியைக் கற்கும்போது எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக்கூடாது, அது ஏன் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். பரீட்சையிலும் "காரணம் தருக" என்ற பகுதிக்கு விடையளிக்க இது உதவும்.

எந்த அவசர நிலையிலும் முதலில் உங்கள் பாதுகாப்பை உறுதி செய்யுங்கள். பின்னர் பாதிக்கப்பட்டவருக்கு உணர்வு உண்டா, சுவாசம் உண்டா எனப் பாருங்கள். மற்றொருவரை உதவிக்கு அழையுங்கள். இலங்கையில் 2016 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

1. எரிகாயம்

அடுப்பு, கொதிநீர், மண்ணெண்ணெய் விளக்கு என்பவற்றால் வீடுகளில் எரிகாயங்கள் ஏற்படுகின்றன. பலர் உடனே பற்பசை, முட்டை வெண்கரு, எண்ணெய் முதலியவற்றைப் பூசுவர். இது தவறாகும். தீ அணைந்த பின்னரும் தோலினுள் வெப்பம் தங்கியிருந்து உள் இழையங்களைத் தொடர்ந்து பாதிக்கும். பூச்சுப் பொருள்கள் அவ்வெப்பத்தை வெளியேற விடாது. கிருமித் தொற்றுக்கும் இடமளிக்கும். பனிக்கட்டியும் வைக்கக்கூடாது. அது குருதிக்கலன்களைச் சுருக்கி இழையங்களுக்கு மேலும் சேதம் விளைவிக்கும்.

செய்ய வேண்டியது: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். குழாய் இல்லாவிடின் கிணற்று நீரை மெதுவாகத் தொடர்ந்து ஊற்றலாம். வீக்கம் ஏற்படுமுன் மோதிரம், காப்பு என்பவற்றைக் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய ஆடையை இழுக்கக்கூடாது, கொப்புளத்தை உடைக்கக்கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும். காயம் பாதிக்கப்பட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிதாயின், அல்லது முகம், கை, மூட்டு என்பவற்றில் இருப்பின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

2. குருதிப் பெருக்கு

வளர்ந்தவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. அதில் கணிசமான பகுதி விரைவாக இழக்கப்படுமாயின் உயிராபத்து ஏற்படும். வெட்டுக் காயத்தில் கோப்பித் தூள், மஞ்சள், சீனி என்பவற்றை அப்புவதால் காயம் அழுக்கடையும். அழுத்தம் கொடுக்க வேண்டிய நேரமும் வீணாகும்.

செய்ய வேண்டியது: சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் உறுதியாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என அடிக்கடி துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். எடுத்தால் உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பெருகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து மேலும் உறுதியாக அழுத்துங்கள். கண்ணாடித் துண்டோ கம்பியோ ஆழமாகக் குத்தியிருப்பின் அதைப் பிடுங்கக்கூடாது. அதன் இரு பக்கங்களிலும் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

மூக்கிலிருந்து குருதி வடியும்போது தலையைப் பின்னே சாய்ப்பது வழக்கம். அவ்வாறு செய்தால் குருதி தொண்டையினுள் இறங்கி வாந்தியை ஏற்படுத்தலாம், சுவாசத்தையும் தடுக்கலாம். சற்று முன்னே குனிந்திருந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாது அழுத்திப் பிடித்து, வாயால் சுவாசிக்கச் செய்ய வேண்டும்.

3. வலிப்பு

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புத் திறப்பைக் கொடுத்ததும் வலிப்பு நின்றுவிட்டது எனச் சிலர் கூறுவர். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். திறப்பு அதை நிறுத்தவில்லை. வாயினுள் கரண்டி திணிப்பது பல்லை உடைக்கும். சுவாசப் பாதையை அடைக்கும். கைகால்களை அமுக்கிப் பிடிப்பதால் காயம் ஏற்படலாம்.

செய்ய வேண்டியது: அருகிலுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்றி, தலையின் கீழ் மென்மையான ஒன்றை வையுங்கள். கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்துங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். முழுமையாக உணர்வு திரும்பும் வரை நீரோ உணவோ கொடுக்க வேண்டாம். வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே அம்புலன்சை அழையுங்கள்.

4. பாம்புக்கடி

கடிவாயின் மேல் கயிற்றால் இறுகக் கட்டுதல், பிளேட்டால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் செய்யக்கூடாதவை. இறுகக் கட்டினால் குருதியோட்டம் தடைப்பட்டு அவ்வவயவம் சேதமடையும். கண்ணாடி விரியனின் நஞ்சு குருதி உறைதலைக் கெடுப்பதால், கீறிய இடத்தில் குருதிப் பெருக்கை நிறுத்துவது கடினமாகும். உறிஞ்சுவதால் நஞ்சு வெளியேறுவதில்லை.

செய்ய வேண்டியது: பாதிக்கப்பட்டவரை அமைதிப்படுத்துங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். தசைகள் அசையும்போது நஞ்சு விரைவாகப் பரவும். கடியுண்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாது தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், கொலுசு என்பவற்றைக் கழற்றுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நச்செதிர் மருந்து அங்குதான் கிடைக்கும்.

5. நீரில் மூழ்குதல்

நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதித்தால் இருவரும் மூழ்க நேரிடும். கயிறு, தடி, வெற்று பிளாஸ்ரிக் கான் என்பவற்றை எறிந்தோ நீட்டியோ உதவ வேண்டும். கரை சேர்த்தவரின் வயிற்றை அழுத்துவதும், தலைகீழாகத் தூக்குவதும் கூடாது. அவருக்குத் தேவை நீரை அகற்றுவதன்று, ஒட்சிசன் ஆகும். வயிற்றை அழுத்தினால் அங்குள்ளவை மேலெழுந்து சுவாசப் பையினுள் செல்லலாம்.

சுவாசம் இல்லாவிடின், பயிற்சி பெற்றவர் முதலில் 5 தடவை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பின்னர் நெஞ்சின் நடுப்பகுதியை 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதுவதை மாறிமாறித் தொடர வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை, வளர்ந்தவரில் ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆகும். ஒட்சிசன் கிடைக்காவிடின் சில நிமிடங்களிலேயே மூளைக் கலங்கள் சேதமடையத் தொடங்கும் என்பதால் தாமதிக்கக்கூடாது.

பயிற்சி வினா

நள்ளிரவில், தரையில் பாயில் உறங்கிய உங்கள் தம்பி வயிற்று வலியுடன் எழுகிறான். சிறிது நேரத்தில் கண் இமைகள் தாழ்கின்றன; பேச்சுக் குழறுகிறது. உடலில் கடிவாய் எதுவும் தென்படவில்லை. "விடியட்டும், பார்ப்போம்" என வீட்டார் கூறுகின்றனர். நீங்கள் என்ன செய்வீர்கள்? காரணம் தருக.

விடைக் குறிப்பு: இது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். இப்பாம்பு இரவில், தரையில் உறங்குபவரைப் பெரும்பாலும் கடிக்கும். வலியும் வீக்கமும் மிகக் குறைவு. கடிவாய் தெரியாமலும் போகலாம். இதன் நஞ்சு நரம்புத்தொகுதியைத் தாக்கும். இமை தாழ்தல் அதன் ஆரம்ப அறிகுறி. அடுத்ததாகச் சுவாசத் தசைகள் செயலிழக்கலாம். எனவே விடியும் வரை காத்திருக்காமல், அசையாது படுக்க வைத்து, 1990 இற்கு அறிவித்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது. ஏனெனில் விழுங்கும் தசைகளும் பலவீனமடைந்திருக்கலாம்.

இவ்விடையை வீட்டிலுள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அன்றிரவு முடிவெடுப்பவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.