பளபளப்பின் பின்னே

நுழையும்முன்

மின்னும் உலோகங்கள் எல்லாம் ஒரே வகையில் மின்னுவதில்லை. ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்தே அதனைத் துலக்க வேண்டும். சரக்குந்தில் உள்ள குரோமியம், அலுமினியம் ஆகிய இரண்டையும் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

நெடுஞ்சாலையில் ஒரு காட்சி

நீங்கள் வாழும் நகரை ஒட்டிய நெடுஞ்சாலையில் டி.என். 28, டி.என். 34, டி.என். 52 எனத் தொடங்கும் எண்பலகை கொண்ட சரக்குந்துகளைக் கண்டிருப்பீர்கள். அவை முறையே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களில் பதிவு செய்யப்பட்டவை. லாரித் தொழிலுக்கும் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்ற பகுதி அது. ஓட்டுநருக்குத் துணையாகச் செல்பவரை மக்கள் ‘கிளீனர்’ என்றே அழைப்பர். வண்டியைத் தூய்மையாக வைத்திருப்பதும் அவர் பணி என்பதை அப்பெயரே காட்டுகிறது. ஆயுதபூசை நாளில் அவர் கைவண்ணம் வண்டி முழுவதும் ஒளிரும்.

இரு உலோகங்கள், இரு இயல்புகள்

லாரியின் பம்பர், கண்ணாடிச் சட்டம், சக்கர மூடி போன்றவற்றில் குரோமியம் பூசப்படுவதுண்டு. சில வண்டிகளின் டீசல் தொட்டியும் சக்கரமும் அலுமினியத்தால் ஆனவை. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளிபோலவே தோன்றும்.

குரோமியத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் வாக்குலின் 1797ஆம் ஆண்டு கண்டறிந்தார். பம்பர் முழுவதும் குரோமியம் அன்று. எஃகின்மீது நிக்கலையும் அதன்மீது குரோமியத்தையும் மின்னாற்றலால் படியச் செய்கின்றனர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். அழகுக்காகப் பூசப்படும் குரோமியப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இராது. நம் தலைமுடியோ அதனினும் பல மடங்கு தடிமனானது.

அலுமினியத்தின் நிலை வேறு. அதன் எடை, அதே அளவுள்ள இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதன் தாதுவாகிய பாக்சைட் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையிலும் உண்டு. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. நாளடைவில் மேற்பரப்பு சொரசொரப்பாகி மங்குகிறது. வழவழப்பான பரப்பு ஒளியை ஒழுங்காக எதிரொளிப்பதால் மின்னுகிறது. சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் மங்கித் தெரிகிறது.

நம் வீட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். குரோமியம் பூசிய பம்பர், தங்கமுலாம் பூசிய நகை போன்றது. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். போனபின் எவ்வளவு துலக்கினாலும் மீளாது. அலுமினியத் தொட்டி, பித்தளைக் குத்துவிளக்குப் போன்றது. மங்கினாலும் துலக்கினால் மீண்டும் ஒளிரும்.

துலக்கும் முறை

இரண்டுக்கும் முதற்படி ஒன்றே. வண்டியை நிழலில் நிறுத்தி, உலோகம் ஆறியபின், மண்ணையும் மணலையும் நீர் பாய்ச்சி அகற்ற வேண்டும். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். பின்னர் மென்மையான சோப்பு நீரால் கழுவி, உடனே துடைக்க வேண்டும். தானே உலர விட்டால் நீரிலுள்ள உப்பு வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும்.

குரோமியத்திற்கு இதற்குமேல் மென்துணியும் மெழுகுப் பூச்சுமே போதும். சிறு துருப்புள்ளிகள் தோன்றினால், நீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்க்கலாம். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது ஆதலால் எளிதில் கீறாது.

மங்கிய அலுமினியத்தை முதலில் சற்றுச் சொரசொரப்பான உப்புத்தாளாலும், பின்னர் படிப்படியாக நுண்ணிய தாளாலும் நீர் விட்டுத் தேய்ப்பர். அதன்பின் சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகுப் பசையைத் தடவி மெருகேற்றுவர். அப்போது துணி கறுக்கும். தேய்ந்த உலோகத்தின் நுண்துகள்களே அதற்குக் காரணம். ஒவ்வொரு முறையும் சிறிது உலோகம் குறைகிறது. ஆகவே அடிக்கடி இவ்வாறு செய்தல் கூடாது.

எச்சரிக்கை

குத்துவிளக்கைப் புளியால் துலக்குகிறோம் என்பதற்காக எல்லா உலோகத்தையும் அமிலத்தால் துலக்கலாகாது. கழிவறை கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைத்துவிடும். அலுமினியத்தின் காப்புப் படலத்தை அமிலமும் அரிக்கும், எரிசோடா போன்ற காரமும் அரிக்கும்.

அலுமினியத்தை விரைவில் வெளுக்கச் செய்யும் சில நீர்மங்களில் ஹைட்ரோபுளூரிக் அமிலம் உண்டு. அது தோலில் பட்டவுடன் வலி தெரியாமலும் இருக்கலாம். ஆயினும் உள்ளே ஊடுருவி எலும்பையும் தாக்கவல்லது. கையுறை, கண்காப்பு, முகமூடி ஆகியவை இன்றி இத்தகைய வேலையில் எவரும் இறங்கலாகாது. வண்டியின் பளபளப்பைவிட அதனைத் துலக்கும் கை பெரிது.

அருஞ்சொற்பொருள்

சரக்குந்து – லாரி
படலம் – மெல்லிய மேலடுக்கு
உப்புத்தாள் – தேய்க்கப் பயன்படும் சொரசொரப்பான தாள்
எரிசோடா – காஸ்டிக் சோடா

விடையளிக்க

1. குரோமியப் பூச்சைத் தங்கமுலாமோடு ஒப்பிடுவது ஏன்?
2. மங்கிய அலுமினியம் மெருகேற்றியபின் மின்னுவதற்குக் காரணம் என்ன?
3. ‘வண்டியின் பளபளப்பைவிட அதனைத் துலக்கும் கை பெரிது’ – இத்தொடரை ஐந்து வரிகளில் விளக்குக.

செய்து பார்க்க

வீட்டிலுள்ள மின்னும் பொருள்களில் காந்தத்தை வைத்துப் பார்க்க. குரோமியம் பூசிய எஃகில் அது ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. குரோமியம் பூசிய பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. அவ்விரண்டையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவீர்கள்? எழுதுக.