வரிசையில் நின்ற ஹால் டிக்கெட்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 7.15 மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் கையில் ஒரு பென் டிரைவுடன் எங்கள் வீட்டிற்கு ஓடி வந்தான். அன்று 9 மணிக்கு அவனுக்கு உதவித்தொகைத் தேர்வு. தேர்வு மையமோ 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஹால் டிக்கெட்டை முதல்நாளே அச்செடுத்து வைக்க மறந்துவிட்டான்.

“ஒரே ஒரு பக்கம்தான் மாமா” என்றான்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் உடனே கணிப்பொறியை இயக்கி, அச்சிடுமாறு கட்டளை கொடுத்தாள். கூடத்தில் இருந்த பிரிண்டரின் விளக்கு சிமிட்டியது. காகிதம் மட்டும் வரவில்லை. நான்கு நிமிடம் கழித்து ஒரு தாள் மெல்ல வெளியே வந்தது. அதில் இருந்தது ஹால் டிக்கெட் அல்ல. ஓர் ஆலிலையின் வண்ணப்படம்! பையன் பதறிப்போய் அச்சிடும் பொத்தானை மேலும் நான்கு முறை அழுத்தினான். மறு தாளில் வேப்பிலை வந்தது. அதற்கடுத்த தாளில் அரசிலை வந்தது. 7.30 மணிக்கு அவன் பொறுமையிழந்து, பேருந்து நிலையத்தருகே உள்ள கடைக்குச் சைக்கிளை மிதித்தான். அங்கே அச்செடுத்துக்கொண்டு, தந்தையின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு மையத்தின் கதவை அடைக்கத் தொடங்கியிருந்தார்களாம்.

அவன் போன சிறிது நேரத்தில் எங்கள் பிரிண்டரிலிருந்து ஹால் டிக்கெட் வந்தது. ஒன்றல்ல, ஐந்து!

இந்தத் தாமதத்திற்கு யார் பொறுப்பு? பிரிண்டர் பழையதாகிவிட்டதா? இணைப்பில் கோளாறா? அன்று மாலையே நானும் என் மகளும் இதை ஓர் ஆய்வுக்கூடச் சோதனை போலவே ஆராய்ந்தோம். நாங்கள் கண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுதி வைத்துக் காத்திருத்தல்

முதலில் ஒரு சந்தேகம். ஆலிலையும் வேப்பிலையும் எங்கிருந்து வந்தன? முதல்நாள் இரவு என் மகள் தாவரவியல் பயிற்சிக்காக ஆறு இலைப்படங்களை அச்சிடக் கட்டளை கொடுத்திருக்கிறாள். தாள் வரக் காணோம். சலித்துப்போய்க் கணிப்பொறியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டாள். கணிப்பொறியை நிறுத்தினால் கட்டளையும் மறைந்துவிடும் என்பது அவள் எண்ணம். அது தவறு. ஏன் என்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1959-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்னும் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. அதனுடன் இணைந்த 1403 என்னும் அச்சுப்பொறி நிமிடத்திற்கு 600 வரிகளை அச்சடித்தது. அந்நாளில் அது வியக்கத்தக்க வேகம். ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிக்கு 1/10 விநாடி ஆகிறது. கணிப்பொறியோ தன் நினைவகத்திலிருந்து ஓர் எழுத்தை 11.5 மைக்ரோ விநாடியில் எடுத்துவிடும். ஆக, ஒரு வரி அச்சாகும் நேரத்தில் அது நினைவகத்தை ஏறத்தாழ 8,700 முறை அணுகிவிடலாம். அவ்வளவு விரைவான பொறி, அச்சு முடியும்வரை கைகட்டி நிற்பது வீண் அல்லவா?

இதற்காகக் கண்ட வழிதான் ஸ்பூலிங் என்பது. அச்சிட வேண்டியதைக் கணிப்பொறி முதலில் காந்த நாடாவிலோ வட்டிலோ எழுதி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பிரிண்டர் தன் வேகத்திற்கேற்ப அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி அச்சிடும். இன்று நம் வீட்டுக் கணிப்பொறியும் இதையே செய்கிறது. அச்சிடும் பொத்தானை அழுத்தினால் பக்கம் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை; வட்டில் உள்ள ஒரு வரிசையில் போய் நிற்கிறது. வட்டில் எழுதியது மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. ஆகவேதான் முதல்நாள் இரவு நின்ற ஆறு இலைகளும் மறுநாள் காலை கணிப்பொறி விழித்தவுடன் தாமும் விழித்துக்கொண்டன. ஹால் டிக்கெட் அவற்றுக்குப் பின்னால் ஏழாவதாக நின்றது. பையன் மேலும் நான்கு முறை அழுத்தியபோது வேலை விரைவுபடவில்லை. வரிசையில் இன்னும் நான்கு பேர் வந்து நின்றார்கள். அவ்வளவுதான்!

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கே முதலில் கிடைக்கும். பிரிண்டர் வரிசையின் பொது விதியும் அதுவே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆறு இலைகளுக்கு 24 நிமிடம். ஹால் டிக்கெட்டுக்கு 20 விநாடி. ஹால் டிக்கெட்டை முன்னே விட்டிருந்தால் இலைகளுக்கு 20 விநாடிதான் தாமதம். பையனுக்கோ 24 நிமிடம் மிச்சம். வரிசையைக் காட்டும் சாளரத்தைத் திறந்து, இலைப்படங்களை அழித்தோ நிறுத்தியோ வைத்திருந்தால் போதும். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நான்கு கட்டங்கள்

வரிசை ஏன் நின்றது என்பது விளங்கிவிட்டது. ஆனால் ஓர் இலைப்படத்திற்கு ஏன் 4 நிமிடம் ஆக வேண்டும்? இதுவே உண்மையான கேள்வி.

“ரவுட்டரை அணைத்துப் போடுவோம் அப்பா. பிரிண்டரையும் வேறு இடத்தில் வைத்து, மென்பொருளையும் புதிதாகப் போட்டுவிடலாம்” என்றாள் மகள்.

நான் தடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு தீர்ந்துபோகலாம். ஆனால் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. மறுமுறை அது வரும்போது மீண்டும் இருட்டில் தேட வேண்டியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் ஊசலின் நீளத்தையும் குண்டின் நிறையையும் ஒருங்கே மாற்றிவிட்டு, அலைவு நேரம் எதனால் மாறியது என்று கேட்க முடியுமா?

ஆகவே ஒரு தாளில் நான்கு கட்டங்களை எழுதிக்கொண்டோம். முதலாவது, கணிப்பொறி பக்கத்தை அச்சுக்கேற்ற வடிவில் தயாரித்தல். இரண்டாவது, வரிசையில் காத்திருத்தல். மூன்றாவது, கணிப்பொறியிலிருந்து வைஃபை அலைகள் மூலம் ரவுட்டருக்கும், அங்கிருந்து பிரிண்டருக்கும் செய்தி செல்லுதல். நான்காவது, பிரிண்டர் தாளில் மை தெளித்தல். தாமதம் இந்த நான்கில் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். வரிசையை முழுவதும் காலி செய்தோம். இரண்டாம் கட்டம் கணக்கிலிருந்து நீங்கியது. கைப்பேசியில் உள்ள நிறுத்தற் கடிகாரத்தை எடுத்துக்கொண்டோம்.

உறங்கும் பிரிண்டர் விழித்துத் தயாராகச் சில விநாடிகள் ஆகும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஒரு பக்கம் வீணாக அச்சிட்டு அதை எழுப்பிக்கொண்டோம். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுத்தோம்.

சோதனை 1: பிரிண்டரிலேயே உள்ள நகல் எடுக்கும் பொத்தானால் இலைப்படத்தை நகல் எடுத்தோம். ஒரு நிமிடத்திற்குள் வந்துவிட்டது. எனவே நான்காம் கட்டத்தில் குறையில்லை.

சோதனை 2: வெறும் எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தை வைஃபை வழியாக அனுப்பினோம். 20 விநாடியில் வந்தது.

சோதனை 3: இலைப்படத்தை அதே வழியில் அனுப்பினோம். 4 நிமிடம் ஆயிற்று.

சோதனை 4: கணிப்பொறியையும் பிரிண்டரையும் யு.எஸ்.பி. கம்பியால் நேரே இணைத்து அதே இலைப்படத்தை அனுப்பினோம். ஒரு நிமிடத்திற்குச் சற்றே மேல். கணிப்பொறி பக்கத்தைத் தயாரிக்கும் வேலை இதிலும் அடங்கியிருக்கிறது. ஆகவே முதற்கட்டமும் குற்றமற்றது.

எஞ்சியது மூன்றாம் கட்டம் ஒன்றே.

எழுத்து விரைந்தது, இலை தவழ்ந்தது

இங்கு உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். வைஃபை வழியில்தான் குறை என்றால், எழுத்துப் பக்கம் மட்டும் எப்படி 20 விநாடியில் வந்தது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் 2,000 எழுத்துக் குறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் சில பைட் என்றாலும், எழுத்துருவின் விவரங்களைச் சேர்த்தாலும், மொத்தம் மிகச் சிறியதே. படத்தின் கதை வேறு. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அதை நிரப்பினால் குறுக்கே 2,480, நெடுக்கே 3,508 புள்ளிகள். மொத்தம் சுமார் 87 இலட்சம். ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறிக்க 3 பைட் வேண்டும். எனவே ஒரு பக்கத்திற்கு 2 கோடியே 61 இலட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 21 கோடி பிட்.

நல்ல இணைப்பில் விநாடிக்கு 2 கோடி பிட் செல்வதாகக் கொண்டால் இதற்கு 10 விநாடி போதும். இணைப்பு நலிந்து விநாடிக்கு 10 இலட்சம் பிட் மட்டுமே சென்றால் 210 விநாடி, அதாவது மூன்றரை நிமிடம் ஆகும். படத்தைச் சுருக்கி அனுப்பினால் இது குறையும். எப்படியாயினும் எழுத்துப் பக்கத்திற்கு இரு இணைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் தடையின்றிப் போகும். லாரி போக முடியுமா?

இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. எழுத்து விரைவாகவும் படம் மெதுவாகவும் வந்தால், பாதையின் அகலத்தை ஐயுறுங்கள். எழுத்தே வரவில்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

பீரோவின் பின்னால்

கணிப்பொறியில் ‘பிங்’ என்றொரு கட்டளை உண்டு. பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டு, ஒலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அறிவோமே, அது போன்றது. ஒரு சிறு செய்தி போய்த் திரும்பி வரும் நேரத்தை அது மில்லி விநாடியில் காட்டும். முதலில் ரவுட்டருக்கு அனுப்பினோம். 3 அல்லது 4 மில்லி விநாடியில் பதில் வந்தது. பிறகு பிரிண்டருக்கு அனுப்பினோம். சில பதில்கள் 400 மில்லி விநாடி கழித்து வந்தன. பத்தில் மூன்று வரவேயில்லை. ஆகவே குறை, ரவுட்டருக்கும் பிரிண்டருக்கும் இடையே உள்ள பாதியில்தான்!

இருவரும் எழுந்துபோய்ப் பார்த்தோம். இடையே எங்கள் எஃகு பீரோ கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பிரிண்டரின் வைஃபை விநாடிக்கு 240 கோடி அதிர்வுகள் என்ற அளவில் இயங்குவது. ஒளியின் வேகமான விநாடிக்கு 30 கோடி மீட்டரை இதனால் வகுத்தால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் என்று கிடைக்கும். இவ்வலை உலோகத்தின் மேல் விழும்போது அதிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் அதிர்ந்து, அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கண்ணாடி ஒளியைத் திருப்புவது போன்றதே இது. சுவர்களில் பட்டும் விளிம்புகளில் வளைந்தும் வரும் மெலிந்த அலைகளே பீரோவின் பின்னால் இருந்த பிரிண்டருக்கு எட்டின.

வைஃபையில் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகச் செல்கிறது. பெற்றுக்கொண்டவர் “வந்து சேர்ந்தது” என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அதே பொட்டலம் மீண்டும் அனுப்பப்படும். அலை நலிந்தால் ரவுட்டர் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இரைச்சல் மிகுந்த சந்தையில் நாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்வதில்லையா? அதைப் போன்றே.

வேறு எதையும் தொடாமல் பிரிண்டரை மட்டும் பீரோவின் மறைவிலிருந்து ஜன்னலோரம் மாற்றினோம். பிங் பதில்கள் அனைத்தும் 10 மில்லி விநாடிக்குள் வந்தன. இலைப்படம் ஒரு நிமிடம் 10 விநாடியில் அச்சாகி வந்தது. உறுதி செய்துகொள்ள மறுபடி பீரோவின் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். மீண்டும் 4 நிமிடம்! இந்தத் திரும்பிப் பார்த்தலைச் செய்த பிறகே, காரணம் பீரோதான் என்று நோட்டில் எழுதினோம்.

உங்கள் வீட்டில்

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். வழக்கமாகக் காணும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தருகிறது. அணைத்துப் போடும்போது சில வேளை அது மாறிவிடும். கணிப்பொறி பழைய முகவரிக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கு மாறாத முகவரியை ரவுட்டரில் ஒதுக்கிவிட்டால் இது தீரும். அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் என்னும் தாளின் அளவு 216-க்கு 279 மில்லிமீட்டர். அந்த அளவில் தயாரித்த பக்கத்தை அனுப்பினால், ஏ4 தாள் வைத்த பிரிண்டர் சரியான தாளுக்காகக் காத்து நின்றுவிடுவதுண்டு. முதலில் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் இருப்பவர் யாரும் நகர முடியாது. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையின் அதே அலைவரிசையை ஒட்டி இயங்குவதால், அது ஓடும் நேரத்தில் இணைப்பு தடுமாறலாம்.

எதுவாயினும் வழி ஒன்றே. முதலில் வரிசையைத் திறந்து பாருங்கள். பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். பாதையைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் நேரத்தை அளந்து எழுதுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாடிக் குழாயில் தண்ணீர் மெல்ல வந்தாலும், சைக்கிள் விளக்கு எரியாவிட்டாலும் இதே முறைதான் கைகொடுக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் அந்தத் தேர்வில் தேறிவிட்டான். மிஞ்சிய ஐந்து ஹால் டிக்கெட்டுகளின் பின்புறம் இப்போது அவன் கணக்குப் போடப் பயன்படுகிறது. ஆனால் இப்போதெல்லாம் எந்தத் தேர்வானாலும் மூன்று நாள் முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். வந்ததும் அவன் கேட்பது, “வரிசையில் யாராவது நிற்கிறார்களா மாமா?” என்பதுதான்.