ஆய்வுக்குப் பதினைந்து நாள்: அறுவை சிகிச்சைத் துறையை நாடும் மருத்துவ மாணவர்கள் அறிய வேண்டியவை

கொச்சி: மட்டாஞ்சேரி உள்ளிட்ட கொச்சிக் கரையோரத்தில் தேங்கிய நீரும் அதில் பெருகிய கொசுக்களும் இந்நகருக்கு மருத்துவ நூல்களில் விரும்பத்தகாத பெயர் ஒன்றைப் பெற்றுத் தந்தன. யானைக்கால் நோயால் வீங்கிய காலை ஐரோப்பியர் 'கொச்சிக் கால்' என்றே குறிப்பிட்டனர். இன்று அந்நோயின் பரவலைத் தடுக்க மாத்திரைகள் உள்ளன. ஆனால் அவை இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை அழிக்குமே தவிர, பல ஆண்டுகளாக வீங்கிப்போன காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை.

அத்தகைய காலைச் சீராக்கும் பணி பெரும்பாலும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறையைச் சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள நிணநீர் நாளத்தை அருகிலுள்ள சிரையுடன் நுண்ணோக்கியின் உதவியால் இணைப்பது இதன் நவீன முறைகளுள் ஒன்று. பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை என்றதும் அழகுக்கான சிகிச்சை என்று எண்ணுவோர் இன்னும் பலர். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் மருத்துவர் சுப்ரமணிய ஐயர் தலைமையிலான குழு, நாட்டின் முதல் இரட்டைக் கை மாற்று அறுவை சிகிச்சையை 2015 ஜனவரியில் செய்ததும் இத்துறையின் பணியே.

இத்துறையில் நாட்டம் கொண்ட எம்பிபிஎஸ் மாணவர் அதன் ஆய்வுப் பக்கத்தை எப்போது காண இயலும்? 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம், 'எலெக்டிவ்' எனப்படும் விருப்பப் பயிற்சிக்கு இரண்டு மாதங்களை ஒதுக்கியது. ஆய்வகத்திலோ, நடந்துகொண்டிருக்கும் ஆய்வொன்றில் ஓர் ஆய்வாளரின் கீழோ ஒரு பகுதி. சிகிச்சைத் துறை ஒன்றில் மற்றொரு பகுதி. மூன்றாம் கட்டப் படிப்பின் முதல் பகுதித் தேர்வுக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே இது வருகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளில் இக்காலம் ஒரு மாதமாக, பதினைந்து நாள்கள் கொண்ட இரு பகுதிகளாகச் சுருங்கியது. 75 விழுக்காடு வருகையும் பயிற்சிப் பதிவேடும் இன்றி இறுதித் தேர்வு எழுத முடியாது.

பதினைந்து நாளில் ஓர் ஆய்வைத் தொடங்கி முடிக்கலாம் என்று எண்ணுவது மிகை. மனிதர்கள் தொடர்பான எந்த ஆய்வும் நிறுவன நெறிமுறைக் குழுவின் பரிசீலனைக்குச் செல்ல வேண்டும். குழு கூடி, விளக்கம் கேட்டு, திருத்தம் கோரி ஒப்புதல் தருவதற்குள் பயிற்சிக் காலமே முடிந்துவிடக்கூடும். பல மாணவர்கள் இதைப் பயிற்சி தொடங்கிய பின்னரே உணர்கின்றனர். எனவே ஏற்கெனவே ஒப்புதல் பெற்று நடந்துவரும் ஆய்வில் ஒரு சிறு பகுதியை ஏற்பதே நடைமுறைக்கு உகந்தது.

வீங்கிய காலையே எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை பலன் தந்ததா என்பதைக் கண்டறிய எளிய கருவி அளவு நாடாதான். கணுக்காலிலிருந்து தொடை வரை நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு முறை சுற்றளவு எடுத்து, ஒவ்வொரு துண்டையும் நுனி வெட்டிய கூம்பாகக் கருதிக் கன அளவைக் கணக்கிட்டு, நோயற்ற காலுடன் ஒப்பிடுவர். வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் காலையில் அளந்த கால் மாலையில் மேலும் வீங்கியிருக்கும். நாடாவை ஒருவர் இறுக்கிப் பிடிப்பார், மற்றொருவர் தளர்த்துவார். ஒரே காலை இரு மாணவர்கள் தனித்தனியே அளந்து, வேறுபாடு எவ்வளவு என்று பார்ப்பதே பதினைந்து நாளுக்குப் போதுமான, பயனுள்ள பணி. அளவு பிழையானால் பலனற்ற சிகிச்சையும் பலனளித்ததாகத் தோன்றும். அதை நம்பி அடுத்த நோயாளி அறுவை மேசைக்குச் செல்வார்.

இந்தப் பயிற்சி உயர்படிப்புக்கான இடத்தைப் பெற்றுத் தருமா என்றால், நேரடியாக இல்லை. பொது அறுவை சிகிச்சையில் மூன்றாண்டு எம்எஸ் முடித்து, நீட் சிறப்புப் பிரிவுத் தேர்வின் தரவரிசைப்படி மூன்றாண்டு எம்சிஎச் படிப்பில் சேர்வதே வழக்கமான பாதை. அத்தேர்வில் ஆய்வுக்கு மதிப்பெண் இல்லை. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு உரிமத் தேர்வின் முதல் கட்டம் 2022 ஜனவரி முதல் மதிப்பெண் இன்றித் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால், போட்டி மிகுந்த அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் ஆய்வு அனுபவம் கூடுதல் கவனம் பெறுகிறது.

கூடுதல் காலம் வேண்டுவோருக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் உள்ளது. இரண்டு மாத ஆய்வு அது. அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். அதற்கும் வழிகாட்டும் ஆசிரியரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. ஆகவே மூன்றாம் கட்டத்தின் முதல் பகுதித் தேர்வு முடியும்வரை காத்திராமல், அதற்குச் சில மாதங்கள் முன்பே துறை ஆசிரியரை அணுகி, எந்த ஆய்வுக்கு ஒப்புதல் கையில் உள்ளது, அதில் மாணவருக்குரிய பகுதி எது, கட்டுரை வெளியானால் பெயர் இடம்பெறுமா ஆகியவற்றைக் கேட்டறிவது நல்லது. கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் மாணவர்கள் பெரும்பாலும் தயங்குகின்றனர்.